ஸ்பேனர் சுருதி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே மோகனூர் ஆற்றில் நிற்கிறது. எனக்கு முதுகு நிமிரவில்லை, நேற்று பகல் முழுக்கச் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த வினை. அந்த பஸ் சீட்டைத் தைத்தவனை என் முன்னால் நிறுத்தினால் நான்கு கேள்வி கேட்பேன். பன்னிரண்டு வருடமாக லாரிக்கு சீட் தைக்கிறவள் நான். ஃபோம் என்று சொல்லி அவன் உள்ளே எதை வைத்தான் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மூன்றாவது ஆல்பத்துக்குப் பாடி முடித்தாகிவிட்டது. எட்டுப் பாட்டு. எழுதியது, மெட்டுப் போட்டது, கிட்டார் வாசித்தது, பாடியது எல்லாம் நான். கண்ணாடி அறைக்குள் ஒன்பது நாள் நின்றேன். ஏசி தொண்டையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் என் தொண்டை ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் பாட்டு டீச்சர் என்னைப் பிரார்த்தனை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, "பேரு கோகிலவாணி, கொரலப் பாரு" என்றார். இப்போது நாற்பத்து மூன்று வயதாகிறது. அதே குரலை வைத்துக்கொண்டுதான் இரண்டு ஆல்பம் போட்டேன், தர்மபுரியிலிருந்து தூத்துக்குடி வரை மேடை ஏறினேன். டீச்சர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

என்ன வகைப் பாட்டு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கர்நாடகம் இல்லை, சினிமா இல்லை. நாட்டுப்புறம் என்றால் உடனே சுங்குடிச் சேலை கட்டிக் குலவை போடச் சொல்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், லாரி கட்டுகிறவர்கள், லாரிக்காகக் காத்திருக்கிறவர்கள், இவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுகிறேன். ஒரு பத்திரிகையில் இதைக் கன்ட்ரி என்று எழுதினார்கள். லாரி பாடி கட்டும் எங்கள் பட்டறையில் மரவேலை பார்க்கும் காளியண்ணன் அதைப் படித்துவிட்டு, "எந்தக் கன்ட்ரிங் அம்மிணி?" என்று கேட்டார். நாமக்கல்தான் என்றேன்.

இந்த நோட்டின் முன்பக்கம் சீட் அளவுகள். பின்பக்கம் என்னுடையது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புதிதாக ஆறு லாரிக்கு டிரைவர் சீட். மெரூன் ரெக்சின், ஓரத்தில் மஞ்சள் பைப்பிங். மாத முடிவுக்குள் வேண்டுமாம்.

மதியம் பிரசன்னா பேசினார். பாட்டுக் கம்பெனியில் என் ஆல்பத்தைப் பார்த்துக்கொள்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். "மேடம், மிக்ஸ் பிரமாதமா வந்துட்டிருக்கு. கேட்டா நீங்களே நம்ப மாட்டீங்க." டிசம்பரில் சென்னையில் பெரிய அரங்கத்தில் வெளியீட்டுக் கச்சேரி என்றார். இரண்டாயிரம் பேர் உட்காரும் இடம். நான் இதுவரை பாடியதில் பெரிய கூட்டம் நானூறு. அதிலும் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்கு வந்தவர்கள்.

எனக்கு அந்த மேடை வேண்டும். இதை எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டாயிரம் பேர் முன்னால் நின்று என் குரலில் என் பாட்டைப் பாட வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தையல் மெஷினில் இன்றைக்கு மூன்று ஊசி உடைந்தது. ரெக்சின்மேல் தப்பில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாட்டு வந்துவிட்டது.

செல்போனில் கேட்க மனம் வரவில்லை. பட்டறையில் முடிந்து நின்ற புது லாரியில் நல்ல செட் போட்டிருந்தார்கள். நான் தைத்த சீட்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். காளியண்ணன் கிளீனர் பக்கம் ஏறிக்கொண்டார். என் முதல் ஆல்பத்திலிருந்து தாளம் அவர்தான். லாரியின் தரைப் பலகையில் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டுவார். வேறு டிரம் எதுவும் நான் வைத்துக்கொண்டதில்லை.

முதல் பாட்டு ‘கொடிக்கயிறு’. அதன் நடுவில் இப்படி வரும்:

*நாக்பூர் தாண்டி மழையாம், நனைஞ்சியோ என்னமோ,*
*நாலு வெயில் காஞ்சும் உன் சட்டைய நான் எடுக்கல.*

‘எடுக்கல’ என்ற இடத்தில் என் குரல் உடையும். ஒவ்வொரு தடவையும் உடையும். அதை நான் வேண்டுமென்று செய்வதில்லை, தடுப்பதும் இல்லை.

லாரிக்குள் அது உடையவில்லை. வழவழவென்று போனது. பாட்டு மொத்தமும் மேலே ஏறியிருந்தது. அடியில் வயலின்கள், கீபோர்டு, எங்கேயோ ஒரு புல்லாங்குழல். என் கிட்டார் இருக்கிறது, ஆனால் என் கிட்டார் மாதிரி இல்லை. நான் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் காளியண்ணன் கை நீட்டிச் செட்டை அணைத்தார். அப்புறம் சொன்னார்: "நல்லாத்தானுங் இருக்குது. பாடறது யாருங் அம்மிணி?"

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிரசன்னாவைக் கூப்பிட்டேன். என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார். என் சுருதி எந்தக் கட்டையிலும் உட்காரவில்லையாம். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் தொங்குகிறதாம். அதனால் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டார்கள். குரல் தடுக்கிய இடங்களையும் ‘கொஞ்சமா’ நேராக்கினார்கள்.

"உங்க சுருதிலயே போலாம், அதுதான் உங்க அழகுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன் மேடம். ட்ரை பண்ணிப் பாத்தோம். மத்த வாத்தியம் எதுவும் சேரல."

"மத்த வாத்தியத்த யார் கேட்டா?"

அவர் மெதுவாக ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். ஆகஸ்ட் 31க்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆல்பம் வெளிவராது, டிசம்பர் மேடை வேறு யாருக்காவது போகும். பாட்டு என்னிடமே இருக்கும். அவர்கள் பதிவு செய்தது அவர்களிடம் கிடக்கும்.

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் இரண்டு சீட் தைத்தேன். இரண்டுமே கோணல். பிரித்துத் திரும்பவும் தைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுருதி தப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டார். அது எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது வேறு கதை சொல்லக் கூடாது.

அப்பா லாரி டிரைவர். அவர் வண்டியில் ஒரு கேசட் செட் இருந்தது. உள்ளே பெல்ட் தளர்ந்துபோய் எந்த கேசட்டைப் போட்டாலும் மெதுவாகத்தான் சுற்றும். எல்லாப் பாட்டும் கொஞ்சம் கீழே இறங்கி, கொஞ்சம் தடித்து வரும். பாடகிகள் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி. எனக்கு அது செட்டின் கோளாறு என்று தெரியாது. பாட்டு என்றாலே அப்படித்தான் என்று வளர்ந்தேன். எனக்குப் பதினாறு வயதில் அப்பா நாகாலாந்தில் திமாப்பூர் வரை போய்விட்டு வரும்போது ஒரு கிட்டார் வாங்கி வந்தார். சொல்லித் தர ஆளில்லை. நிறுத்தி வைத்த லாரிக்குள் உட்கார்ந்து, அந்தச் செட்டில் வந்த பாட்டை வைத்து ஆறு கம்பியையும் முறுக்கினேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சேரப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கீபோர்டுக்காரர் ஒரு கட்டையை அமுக்கினார், பக்கத்துக் கட்டையை அமுக்கினார், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாயேம்மா என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து எல்லோரையும் போல மேலே ஏற்றிப் பாடிப் பார்த்தேன். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சீட்டில் இன்னொருவரை உட்கார வைத்த மாதிரி இருந்தது. கால் எட்டவில்லை. குரல் கத்தியது. கீழே இறக்கினேன், குரல் திரும்பி வந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது. தப்பு என்று தெரிந்து, வேண்டும் என்று வைத்துக்கொண்ட சுருதி இது.

அப்பாவின் வண்டி விற்றுப்போனது, செட்டும் போனது. சுருதியை எதில் பிடித்து வைப்பது என்று தெரியாமல் தவித்தபோது, பக்கத்துப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ஆள் ஒரு வேலை செய்தார். தன்னிடமிருந்த ஸ்பேனரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஆணியால் தட்டினார். ஒரு மத்தியானம் முழுக்கத் தட்டினார். இருபத்து நாலாம் நம்பர் ஸ்பேனர் என் மூன்றாவது கம்பியோடு அச்சாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. எதையும் கழற்ற அதைப் பயன்படுத்தியதில்லை.

அந்த ஆள் பிறகு தானும் ஒரு பழைய கிட்டார் வாங்கி, மடியில் மல்லாக்கப் போட்டு, லாரி எஞ்சினின் பிஸ்டன் பின் என்ற இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து இழுத்து ஸ்லைடு வாசிக்கக் கற்றுக்கொண்டார். நன்றாகவே வாசித்தார். கல்யாணமும் செய்துகொண்டோம். பதினோரு வருடம், இரண்டு ஆல்பம். அப்புறம் எல்லோரும் இருக்கும் சுருதிக்கு வந்துவிடலாம் என்றார், சினிமாவுக்கு வாசிக்கச் சென்னைக்குப் போனார். ஐந்து வருடமாகிறது. அவ்வளவுதான் கதை.

ஆகஸ்ட் 16, சனி

டீக்கடையில் ஒரு சினிமாப் பாட்டு. நடுவில் வந்த ஸ்லைடு கிட்டார் அந்த ஆள் வாசித்தது. டீ நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிரசன்னா நேரில் வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் பட்டறை வாசலில் காரிலிருந்து இறங்கினார். மரத்தூளில் அவர் வெள்ளை ஷூ என்ன ஆகுமோ என்று காளியண்ணனுக்குத்தான் கவலை.

கோபமாகப் பேசுவதற்குத் தயாராக இருந்தேன். மனிதர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. என் முதல் ஆல்பத்தைக் கல்லூரியில் கேட்டதாகவும், தன் அம்மா இறந்த வருடம் அதை மட்டும்தான் கேட்டதாகவும் சொன்னார். பொய் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது.

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"எனக்குப் பழகிடுச்சு மேடம். புதுசா கேக்கறவங்களுக்குப் பழகாது. மத்த பாட்டு வரிசையில உங்க பாட்டு வரும்போது, ஏதோ தப்பா இருக்குன்னு பத்து செகண்ட்ல அடுத்ததுக்குப் போயிடுவாங்க. பத்து லட்சம் பேர் கேக்கணும்னு ஆசைப்படறேன். அது தப்பா?"

தப்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்பேனரை எடுத்து வந்து கயிற்றில் தூக்கிப் பிடித்துத் தட்டிக் காட்டினேன். அவர் காதருகே வைத்துக் கேட்டார். திரும்பவும் தட்டச் சொன்னார்.

"சரியில்லைன்னு தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்களா?"

"தெரிஞ்சு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சுங்."

அவர் சிரித்தார். பிறகு ‘கொடிக்கயிறு’ பாட்டைப் பற்றிப் பேசினார். அந்தச் சட்டை யாருடையது என்று கேட்டார். ஏதோ ஒரு டிரைவருடையது என்றேன். அவர் பார்வை என் கிட்டார்மேல் போர்த்தியிருந்த கட்டம் போட்ட சட்டைமேல் போனது. அது தூசிக்காகப் போட்டிருப்பது. அவரிடமும் அப்படியே சொன்னேன்.

கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்கள ஒரு வார்த்த கேக்காம செஞ்சது தப்புதான் மேடம். ஆனா பாட்டுக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று யோசிக்க நேரமில்லை. சீட் வேலை கிடக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. காளியண்ணனிடம் சொல்லிவிட்டேன்: 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை, இங்கேயே எட்டுப் பாட்டையும் நாமே பதிவு செய்கிறோம். அவர்கள் கொடுத்த கடைசி நாளில் நம்முடைய முதல் நாள். "பைபாஸ்ல லாரி போற சத்தம் உள்ள வருமுங்களே" என்றார். வரட்டும், அவர்களைப் பற்றித்தானே பாட்டு என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூபதியைப் பார்க்கப் போனேன். கல்யாணம், கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் கட்டும் பூபதி. நாமக்கல் பக்கம் என் கச்சேரி எல்லாவற்றுக்கும் அவன்தான் சவுண்ட். பிள்ளையார் சதுர்த்திக்காக ஸ்பீக்கர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். மிக்சரும் நான்கு மைக்கும் வேண்டும், நீயும் வேண்டும் என்றேன்.

"வந்தர்றனுங்க்கா. ஞாயித்துக்கெழம வேற சோலி இல்லீங்."

நன்றி சொல்லித் திரும்பினேன். பின்னாலேயே தெரு முனை வரை வந்தான்.

"ஒண்ணு கேக்கோணுங்க்கா. வெசனப்படக் கூடாது."

"கேளு."

"இந்தத் தடவ எந்தச் சேனலயும் மூடச் சொல்ல மாட்டீங்கல்லங்?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யார் யாரை என்ன கேட்பது என்று ஒரு முறை இல்லாமல் போய்விட்டது இந்த ஊரில்.

அவன் கேட்டது நியாயம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

பதினான்காம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவ்வளவுதான் கதை என்று முடித்திருக்கிறேன். இல்லை. மீதி இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், ஈரோட்டில் கச்சேரி. அதற்கு முந்தைய வாரம் சேலத்தில் பாடினோம். சேலத்தில் அந்த ஆள், அதாவது சென்னியப்பன், ‘கொடிக்கயிறு’ நடுவில் பிஸ்டன் பின்னை ஒரு இழுப்பு இழுத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் அடுத்த வரியைத் தொடங்க முடியாமல் மேடையில் நின்றேன். அவர் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு எழுதியவள் நான். இருபது வருடம் அந்தக் குரலோடு மாரடித்தவள் நான். அவர்கள் எழுந்து நின்றது ஒரு இரும்புத் துண்டுக்கு.

ஈரோட்டில் மேடை ஏறுவதற்கு முன்னால் பூபதியைத் தனியாகக் கூப்பிட்டு, மிக்சரில் அவர் கிட்டார் சேனலை மூடிவிடு என்றேன். ஏனுங்க்கா என்று திகைத்தான். பாட்டுக்கு நல்லது என்றேன்.

மேடையில் அவர் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதில் அவருக்கு அவர் வாசிப்பது கேட்டது. அதனால் ஒன்றரை மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் அவர் கிட்டார் சத்தம் போகவில்லை. அன்றைக்கு அவர் மிகவும் நன்றாக வாசித்தார். கேட்டவள் நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து யாரோ எடுத்த வீடியோவை அவர் பார்த்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னுது ஏன் கோகிலா கேக்கல?" என்றார். ஒயர் கோளாறு என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலை பஸ் ஏறினார்.

சுருதியை மாற்றலாம் என்று அவர் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கீபோர்டுக்காரர் நச்சரித்தார் என்பதற்காக. நான் முறைத்ததும் விட்டுவிட்டார். அதை நான்தான் ஐந்து வருடமாகப் பெரிதாக்கி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பிரசன்னா என்னைக் கேட்காமல் என் குரலை நேராக்கினார். நான் சென்னியப்பனைக் கேட்காமல் அவரை ஊமையாக்கினேன். பிரசன்னாவாவது ஒப்புக்கொள்ள ஏழு மணி நேரம் காரில் வந்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சென்னியப்பனுக்குச் செய்தி அனுப்பினேன். ஆறு தடவை எழுதி அழித்தது போக, அனுப்பியது இது:

"31 ஞாயிறு காலை பத்து மணி, காளியண்ணன் வேலை பார்க்கும் பட்டறை. எட்டுப் பாட்டு பதிவு செய்கிறோம். ஈரோட்டில் ஒயர் கோளாறு இல்லை. உங்கள் சேனலை மூடச் சொன்னது நான், பூபதிமேல் தப்பில்லை. பாட்டுக்கு நல்லது என்று அவனிடம் சொன்னேன், அதுவும் பொய். சேலத்தில் உங்களுக்குக் கைதட்டினார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. வந்தால் சேனல் திறந்திருக்கும். வராவிட்டாலும் நான் பாடுவேன்."

கடைசி வரி தேவையா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டேன். அதுவும் நிஜம்தானே.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருவுக்கு ஒரு ஸ்பீக்கர். எல்லாம் பூபதி கைங்கரியம்.

சென்னியப்பன் செய்தியைப் படித்துவிட்டார். அன்றைக்கே படித்துவிட்டார், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை. நான் கொழுக்கட்டை பிடித்தேன். தேவைக்கு மேல் பிடித்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து சம்மதப் படிவம் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. பதில் எழுதினேன்: "படிவம் கிடைத்தது. கையெழுத்து இல்லை. டிசம்பர் மேடையை வேறொருவருக்குக் கொடுங்கள், அவர்கள் நன்றாகப் பாடட்டும். பிரசன்னாமேல் எனக்குக் கோபம் இல்லை."

அனுப்பிய பிறகு இரண்டாயிரம் நாற்காலி கண் முன்னால் வந்து வந்து போனது. ஒவ்வொன்றையும் யார் தைத்திருப்பார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழவில்லை என்று எழுதினால் அது பொய். அழுதேன், முகம் கழுவினேன், மீதமிருந்த கொழுக்கட்டையைத் தின்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆறு சீட்டும் முடிந்தது. ஒன்றும் கோணல் இல்லை. சென்னியப்பனிடமிருந்து பதில் இல்லை. நல்லது. ஸ்லைடு இல்லாமலே ‘கொடிக்கயிறு’ பாட்டை ஐந்து வருடம் பாடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முழுவதையும் இன்றே எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கே காளியண்ணன் வந்து மரத்தூளைக் கூட்டி வைத்திருந்தார். பாதி கட்டிய லாரி ஒன்று நடுவில் நின்றது. அதன் தரைப் பலகையில் ஏறி உட்கார்ந்து கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்து, "இந்தப் பலக வேங்கைங் அம்மிணி, சத்தம் நல்லா பேசும்" என்றார். பூபதி மிக்சரை ஒரு காலி ஆயில் டிரம்மின் மேல் வைத்து ஒயர் இழுத்தான். எனக்கு இரண்டு மைக், காளியண்ணனுக்கு ஒன்று. நான்காவது மைக்கை ஒரு காலி ஸ்டூலுக்கு முன்னால் வைத்தான். நான் பார்த்தேன். ஸ்டூல்மேல் இருந்த மரத்தூளைத் துடைத்துவிட்டேன்.

பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. பைபாஸில் முட்டை லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பூபதி வாசலைப் பார்த்தான்.

"இன்னொருக்கா பாத்துட்டு ஆரம்பிக்கலாமுங்களாக்கா?"

"எதுக்கு? சிவப்பு லைட்டப் போடு."

சட்டையைக் கிட்டாரின் மேலிருந்து எடுத்து லாரியின் கம்பியில் மாட்டினேன். ஸ்பேனரைத் தட்டினேன். மூன்றாவது கம்பி சேர்ந்தது. மற்றதெல்லாம் அதைப் பார்த்துச் சேர்ந்தது. தொடங்கினோம். ஒரு பாட்டு ஒரே மூச்சில் முடிந்தது. கொட்டாப்புளியும் வேங்கைப் பலகையும் பைபாஸும் என் தொண்டையும். வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. ஒன்பது நாள் கண்ணாடி அறைக்குள் வராத பாட்டு நாலரை நிமிடத்தில் வந்தது. எனக்கு எழுந்து நின்று எனக்கே கைதட்டலாம் போல இருந்தது.

இரண்டாவது பாட்டின் பாதியில் வாசலில் வெளிச்சம் மறைந்தது. நான் நிமிரவில்லை. பதிவு ஓடுகிறது, நிமிர்ந்தால் கை தடுமாறும். பாட்டு முடிந்து, கடைசிக் கம்பியின் சத்தம் அடங்கி, பூபதி லைட்டை அணைத்த பிறகுதான் பார்த்தேன்.

சென்னியப்பன் கையில் நீளப் பெட்டியோடு வாசலிலேயே நின்றிருந்தார். பதிவு கெடக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முன்பக்கம் முடி போயிருந்தது. வயிறு கொஞ்சம் வந்திருந்தது. சென்னைச் சாப்பாடு அப்படி.

"பஸ் சேலத்துல நின்னு போச்சு" என்றார்.

"வாங்க" என்றேன். ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எங்கள் இருவருக்கும் வாயில் வந்தது அவ்வளவுதான்.

காளியண்ணன் எழுந்துபோய் அவர் தோளைத் தட்டினார். பூபதி அவர் முகத்தைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் அவனிடம் போய், "எப்படியிருக்கற பூபதி?" என்றார். அவன், "இருக்கனுங்ணா" என்று சொல்லி நான்காவது மைக்கை அவர் பக்கம் திருப்பினான்.

ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்து மடியில் மல்லாக்கப் போட்டார். அதே பழைய கிட்டார். சினிமாவில் வாசிக்கிறவர், எல்லோருடைய சுருதியிலும்தானே வைத்திருப்பார், இறக்குவதற்கு நேரமாகும் என்று நினைத்து ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்து ஆணியை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றார்.

கட்டை விரலால் மூன்றாவது கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். நான் என்னுடையதைத் தட்டினேன். இரண்டும் ஒன்று. ஆறு கம்பியும் ஒன்று. மயிரிழை வித்தியாசம் இல்லை.

ஐந்து வருடம் தொடாமல் கிடந்து, சென்னை ஈரத்தில் கம்பி தானாகத் தளர்ந்து, தற்செயலாக இங்கே வந்து நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். துரு இல்லை. கம்பி புதிது. பெட்டிக்குள் கழற்றிப் போட்ட பழைய கம்பிச் சுருள்கள் ஏழெட்டு கிடந்தன. அந்தக் கிட்டாருக்கு அவர் கம்பி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், மாற்றும் ஒவ்வொரு தடவையும் எங்கள் சுருதிக்கே முறுக்கி வைத்திருக்கிறார்.

லாரிக் கம்பியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். "இது என்னுதுதான?"

"தூசிக்குப் போட்டது."

சரி என்று தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து பிஸ்டன் பின்னை எடுத்துத் துடைத்து, மைக்கின் முன்னால் ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு பூபதியைப் பார்த்துக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னுது கேக்குதா?"

பூபதி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். காளியண்ணனும் என்னைப் பார்த்தார். பூபதி கையிலிருந்து ஹெட்ஃபோனை வாங்கி நான் காதில் வைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை இழுங்க என்றேன். இழுத்தார். முழுசாகக் கேட்டேன்.

"கேக்குதுங்க" என்றேன்.

அடுத்து ‘கொடிக்கயிறு’. நடுவில் அவர் முறை வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு, அவர் முடிக்கும் வரை காத்திருந்தேன். வேண்டிய மட்டும் இழுத்தார். அதன் பிறகு என் வரி. ‘எடுக்கல’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. எப்போதும் உடைவதைவிட அதிகமாக உடைந்தது, பாதிச் சொல் வெளியே வரவில்லை. கடைசி வரை வாசித்து முடித்தோம்.

பூபதி லைட்டை அணைத்தான். "அந்த ஒரு எடம் மட்டும் திரும்ப எடுத்தரலாமுங்களாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் சென்னியப்பன் சொன்னார், கம்பியைத் துடைத்தபடியே, நிமிராமல்.

"வேண்டாம் பூபதி. அது அப்படித்தான் வரோணும்."